சாயங்காலத்தில் கொடுத்த வாக்கு

2010 டிசம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழே முக்கால். இரவெல்லாம் பெய்த மழை ஐந்து மணிக்கு விட்டிருந்தது. வேப்ப மரங்கள் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. என் அக்கா கையில் பழத்தட்டு, என் மனைவி கையில் பூவும் வெற்றிலையும் வைத்த தட்டு, என் கையில் குடை. ஆலைக் குடியிருப்பில் எங்கள் வீட்டிலிருந்து என் நண்பர் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தோம், என் மகனுக்கு அவர் மகளைக் கேட்பதற்காக. வழி முழுக்க நான் வேண்டிக்கொண்டது ஒன்றுதான்: இன்று காலை அவர் ஆடியிருக்கக் கூடாது.

அது ஏன் என்று புரிய வேண்டுமானால் அவரைத் தெரிந்திருக்க வேண்டும்.

அரியலூர்ப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலை. அதில் கல் உடைக்கும் கிரஷர் பகுதியில் அவர் ஃபிட்டர். நான் டைம் ஆபீஸில் எழுத்தர். யாருக்கு எந்த ஷிப்ட், யார் வந்தார், யார் வரவில்லை என்று பதிவதுதான் வேலை. முப்பது வருஷம் அதையே செய்ததில் எதையும் எண்ணாமல் இருக்க முடியாதவனாக ஆகிவிட்டேன். படியேறினால் படியை எண்ணுவேன், பஸ்ஸில் ஏறினால் தலைகளை எண்ணுவேன். இந்த வயதில் மாத்திரைகளை எண்ணுகிறேன். ஒன்று குறைந்தால் அன்றைக்குத் தூக்கம் போச்சு.

குடியிருப்பில் ஒரு பூப்பந்து மைதானம் இருந்தது. பக்கத்துக்கு ஐந்து பேர், கையில் மட்டை, மஞ்சள் கம்பளிப் பந்து. அவர் சென்டரில் நிற்பார். ஆள் குட்டை, கெண்டைக்கால் மட்டும் இரண்டு ஆளுக்கு உரியது. மற்றவர்கள் ஒரு பாயிண்டுக்கும் அடுத்த பாயிண்டுக்கும் நடுவில் இடுப்பில் கைவைத்து மூச்சு விடுவோம். அவர் அப்போதும் ஓடுவார். பந்து எடுக்க ஓடுவார், எடுத்துக் கொடுக்க ஓடுவார். ஐம்பது வயதுக்கு மேல் அப்படி ஆடியவர்களை நான் வேறு பார்த்ததில்லை. ஆட்டம் முடிந்தால் பனியனைப் பிழிந்து மைதானத்தின் ஓரத்தில் போடுவார். தரையில் ஈரம் படரும்.

அதற்குப் பிறகுதான் விஷயம்.

சாயங்காலம் ஆடி முடித்தால் அவரைப் போல ஒரு மனிதரைப் பார்க்க முடியாது. முகம் விளக்கு மாதிரி இருக்கும். எதிரே வருகிறவரையெல்லாம் நிறுத்திப் பேசுவார். கேட்டதைக் கொடுப்பார், கேட்காததையும் கொடுப்பார். அதே மனிதர், அதே மைதானத்தில், அதே அளவு வியர்வை விட்டு காலையில் ஆடி முடித்தால் யாரும் பக்கத்தில் போக முடியாது. உலகமே அவருக்குத் துரோகம் செய்துவிட்டதைப் போல உட்கார்ந்திருப்பார். வாயைத் திறந்தால் வெட்டுதான். ஆடாத காலைகளில் அவர் சாதாரண மனிதர், உங்களையும் என்னையும் போல. ஆடிய காலைகளில்தான் அப்படி.

சாயங்காலம் என்னை "யோவ் டைம் ஆபீஸு" என்பார். காலையில் "சார்" என்பார். அந்தச் சாரைக் கேட்டதும் இடத்தைக் காலி செய்துவிடுவேன்.

ஷிப்ட் முறையால் இது குடியிருப்புக்கே தெரிந்த கணக்கு. மதியம் இரண்டு மணி ஷிப்ட் வரும் வாரத்தில் அவரால் காலையில் மட்டும்தான் ஆட முடியும். அந்த வாரம் சங்கச் சந்தாவுக்குக்கூட அவர் வீட்டுப் பக்கம் யாரும் போக மாட்டார்கள். கடைக்காரர் என்னிடம் கேட்பார்: "சார், அவருக்கு இந்த வாரம் என்ன ஷிப்ட்டுங்க? பாக்கி கேக்கணும்." நான் சொல்வேன். டைம் ஆபீஸ் ஊருக்குச் செய்த ஒரே பொதுச் சேவை அதுதான்.

குடியிருப்பு ஆஸ்பத்திரி டாக்டரிடம் ஒருநாள் இதைப் பற்றிக் கேட்டேன். சின்ன வயது டாக்டர், பொறுமையானவர்.

"காலையில ஒடம்புச் சூடு கம்மியா இருக்கும், சாயந்தரம் ஏறியிருக்கும். சூடாவாத இஞ்சினை எடுத்த எடுப்புல முழு வேகத்துல ஓட்டினா முறைக்கும்ல? ஆனா எல்லாருக்கும் இப்படி ஆவறதில்லீங்க. சில பேரு காலையில ஓடிட்டுத்தான் சந்தோஷமா வராங்க. இவருக்கு ஏன் இவ்வளவுன்னு எனக்கும் புரியல. பிரஷர் பாக்கலாம்னு வரச் சொன்னேன்."

"வந்தாரா?"

"வந்தாரு. காலையில. 'மொதல்ல ஒங்க மிஷின் சரியா இருக்கான்னு பாருங்க சார்'னுட்டுப் போயிட்டாரு."

சாயங்காலக் கொடைகளைச் சொல்லி முடியாது. ஒரு தடவை கான்டிராக்ட் ஆள் ஒருவர் கல்லங்குறிச்சியிலிருந்து நடந்து வேலைக்கு வருவதாகச் சொல்ல, வியர்வை காயும் முன்பே தன் சைக்கிளைச் சாவியோடு கொடுத்துவிட்டார். இரவு ஷிப்ட் வாரம் என்பதால் மறுநாள் அவருக்குக் காலையிலும் ஆட்டம். ஆடி முடித்து நேரே கேட்டுக்குப் போய் நின்று, அந்த ஆள் வந்ததும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்துக் குடுத்தீங்களே அண்ணே."

"குடுத்தவன் சாயந்தரம் வருவான். அவனக் கேளு."

அந்த ஆளும் விடவில்லை. சாயங்காலம் வந்து கேட்டார். சைக்கிள் மறுபடி கிடைத்தது. மூன்று நாள் இப்படிப் போய் வந்த பிறகு கொடுத்தவரின் மனைவி சைக்கிளைச் சமையலறையில் பூட்டி வைத்தார். அந்த அம்மா என் மனைவியிடம் சொன்னது: "ராத்திரி ஏழு மணிக்கு இவரு கையில ஒரு வெங்காயத்தக்கூடக் குடுக்க மாட்டேன்க்கா. தானம் பண்ணிருவாரு. காலையில ஏழு மணிக்கும் குடுக்க மாட்டேன். எம் மேலயே வீசிருவாரு."

ஒரு சாயங்காலம் பன்னிரண்டு பேரை மறுநாள் கறிச்சோற்றுக்கு அழைத்தார். மறுநாள் போன பன்னிரண்டு பேரும் வாசலில் அவர் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்தே திரும்பினோம். பன்னிரண்டாவது ஆள் நான்.

இப்படிப்பட்டவரோடு எப்படிப் பழகினீர்கள் என்று கேட்பார்கள். சாயங்காலங்களுக்காகத்தான். ஆட்டம் முடிந்து மற்றவர்கள் போன பிறகு நாங்கள் இருவரும் மைதானக் கட்டைச்சுவரில் உட்கார்ந்திருப்போம். வெளிச்சம் போகும் நேரத்தில் கிரஷர் தூசியில் வானம் செங்கல் நிறமாக இருக்கும். அவர் உடம்பிலிருந்து அடுப்புப் பக்கத்தில் இருப்பது போல அனல் அடிக்கும். பேசிக்கொண்டே இருப்பார். எங்கள் அப்பாக்களைப் பற்றி, இயந்திரங்களைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றி. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை, குறைசொல்கிறவன். கேஸ் விலை, முழங்கால், மகனின் சம்பளம் என்று ஏதாவது புலம்புவேன். அவர் சிரிப்பார். "யோவ் டைம் ஆபீஸு, நீ புலம்பறதக் கேட்டாத்தான்யா எனக்குப் பசிக்குது" என்பார். என் புலம்பலால் யாருக்காவது நன்மை உண்டு என்று அவர் மட்டும்தான் சொல்லியிருக்கிறார்.

ஐம்பத்தெட்டில் ஓய்வு. ஓய்வு பெற்றால் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். அவரவர் ஒரு பக்கம் போவோம். நான் அரியலூர் டவுனுக்கு; அவருக்குப் பெரம்பலூரில் ஒரு மனை இருந்தது. அந்தக் கவலை எனக்கு ஐம்பத்து நான்கு வயதிலேயே தொடங்கிவிட்டது. ஒருநாள் சாயங்காலம் அதைச் சொன்னேன்.

அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, "இதுக்கா மூஞ்சியத் தூக்கற? ஓம் பையனுக்கு எம் பொண்ணக் குடுத்துடறேன். அப்புறம் எங்க போனாலும் நீ எனக்குச் சம்பந்தி. நெனச்சா வூட்டுல வந்து ஒக்காந்துக்கலாம். யாரு கேக்கறது" என்றார்.

எனக்கு இரவு முழுக்க அதுவே ஓடியது. மறுநாள் ஞாயிறு. காலை ஆட்டம் முடிந்ததும் பக்கத்தில் போய் நின்றேன். அவர் நிமிரவில்லை. "நேத்துச் சொன்னத மனசுல வெச்சுக்காதீங்க சார். வெளையாட்டுக்குச் சொன்னது."

அடுத்த மூன்று மாதத்தில் இன்னும் இரண்டு சாயங்காலம் அதையே சொன்னார். இரண்டு காலையும் அதையே திரும்பப் பெற்றார்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. அவர் சாயங்காலம் ஆடிவிட்டு வந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் பெரியவர்களோடு தட்டு எடுத்துப் போக வேண்டும். பெண் கேட்ட கையோடு தாம்பூலம் மாற்றிவிட வேண்டும். மாற்றிய தாம்பூலத்தைக் காலையில் யாரும் திருப்ப முடியாது. சைக்கிள் இல்லையே அது.

என் அக்காவை உட்கோட்டைப் பக்கத்திலிருந்து வரவழைத்தேன். எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எல்லாம் அவர் தலைமையில்தான் நடக்கும். வந்த அன்றே காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அடுத்த வாரம் மார்கழி பொறக்குது. வளர்பிறைல வர்ற ஞாயித்துக்கெழம காலையில ஏழரை எட்டரை நல்ல நேரம். அத விட்டா தைதான்."

"அக்கா, காலையில வேணாம். சாயந்தரம் போலாம்."

"ஞாயித்துக்கெழம சாயந்தரம் நாலரைலேந்து ஆறு ராகுகாலம்டா. படிச்சவன்தான நீ."

"ஆறுக்கு மேல போலாம். அவரு ஆடிட்டு வந்திருப்பாரு."

"யாரு ஆடறா?"

சொன்னேன். காலை ஆட்டம், சாயங்கால ஆட்டம், சைக்கிள், கறிச்சோறு எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா என் மனைவியைப் பார்த்தார். "இவனுக்கு எப்பலேந்து இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

தை வரை பொறுக்கலாம் என்றேன். அந்தப் பெண்ணுக்கு முசிறியிலிருந்து ஒரு இடம் பேசுகிறார்கள் என்று மனைவி சொன்னாள். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

சனி இரவு மழை பிடித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. மைதானம் சேறாகிவிடும். ஆட்டம் இருக்காது. ஆடாத காலையில் அவர் சாதாரண மனிதர். சாதாரண மனிதர் ஒருவேளை சரி என்று சொல்லக்கூடும்.

அவர் வீட்டுத் திண்ணையில் அவரைப் பார்த்த நொடியே தெரிந்துவிட்டது. பனியன் உடம்போடு ஒட்டியிருந்தது. முழங்கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஆட்டம் இல்லாததால் தண்ணீர் டாங்கின் படிகளில் ஏறி இறங்கியிருக்கிறார். நூற்று நான்கு படி அது. பதினாறு தடவை ஏறினார் என்று வாட்ச்மேன் பிறகு சொன்னார். ஆட்டமாவது நடுவில் நிற்கும். படி நிற்காது.

அவர் மனைவி பதறிப் பாய் விரித்தார். அவரோ தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அக்கா முறைப்படி ஆரம்பித்தார்: ஊர், குலதெய்வம், எங்கள் பையனின் படிப்பு, வேலை. அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்றீங்க தம்பி?" என்றார் அக்கா.

"பையன் மேல கொற ஒண்ணும் இல்லீங்க."

"அப்புறம்?"

"சார் வூட்டுல எல்லாத்தையும் எண்ணுவாங்க. எம் பொண்ணு தின்ற இட்லியையும் எண்ணுவாங்க. அவ நாலு திம்பா, அஞ்சு திம்பா. அவள எண்ணற வூட்டுக்கு நான் அனுப்பறதா இல்ல." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க சார்."

உள்ளே ஒரு பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். அக்கா எழுந்தார். தட்டுகளை எடுத்துக்கொண்டு திரும்பினோம். வரும்போது குடியிருப்பே பல் துலக்கிக்கொண்டு பார்த்தது. தட்டோடு போனதைப் பார்த்தவர்கள் தட்டோடு வருவதையும் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா சொன்ன முதல் வார்த்தை, "உண்மையிலேயே எண்ணுவியாடா நீ?"

அன்று பகலில் நல்ல வெயில் அடித்தது. மைதானம் காய்ந்திருக்க வேண்டும். ஆறரை மணிக்கு எங்கள் கேட்டைத் திறக்கும் சத்தம். அவர்தான். உடம்பெல்லாம் மண், முகத்தில் அந்த வெளிச்சம். உள்ளே வரவில்லை.

"யோவ். காலையில பேசினதெல்லாம் பேச்சே இல்ல. ஒன் வூட்டுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கப் போறேன்? நாளைக்கு அக்காவக் கூட்டிக்கிட்டு வா. நானே தட்ட வாங்கிக்கறேன்."

அக்கா ஜன்னலுக்கு உள்ளிருந்து, அவருக்குக் கேட்கும்படியாகவே, "காலையில ஒரு நாக்கு சாயந்தரம் ஒரு நாக்கா? திரும்பி வந்த தட்ட அதே வூட்டுக்குத் தூக்கிட்டுப் போற வழக்கம் நம்ம சனத்துல இல்ல" என்றார்.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரை மறுக்க நினைக்கவில்லை. ஆனால் எனக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இதே வாக்கை மூன்று சாயங்காலம் கொடுத்திருக்கிறார், மூன்று காலையும் திரும்பப் பெற்றிருக்கிறார். நாளையிலிருந்து அவருக்கு இரண்டு மணி ஷிப்ட். அதாவது காலை ஆட்டம். அக்காவைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு நாளை போய் நின்றால், மறுபடி "சார்" என்பார். என்னால் இன்னொரு தடவை அந்தப் பாதையில் தட்டோடு திரும்ப முடியாது.

"பாப்போம்ங்க" என்றேன்.

கேட்டைச் சாத்தினார். "நாளைக்குய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் நாங்கள் போகவில்லை. அவரும் ஷிப்ட்டுக்கு வரவில்லை. அவர் பேருக்கு நேரே நான்தான் ஆப்சென்ட் போட்டேன். எனக்கு முகம் கொடுக்கக் கூசுகிறார், சொன்னது போலவே மாறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். கணக்கு சரியாக வந்ததில் ஒரு அற்பத் திருப்திகூட இருந்தது. அக்கா மத்தியான பஸ்ஸுக்கு ஊருக்குப் போய்விட்டார்.

பிறகு நான் மைதானத்துக்குப் போவது குறைந்தது. முழங்கால் என்று காரணம் சொன்னேன். அவரும் சில நாள் "ஆட்டத்துக்கு வரலையா?" என்று ஆள் விட்டுக் கேட்டார். சித்திரையில் முசிறி இடத்துக்கே பெண்ணைக் கொடுத்தார். கல்யாணத்துக்குப் போய், சாப்பிட்டு, மொய் எழுதி வந்தோம். அவர் ஓய்வு பெற்றுப் பெரம்பலூர் போனபோது லாரி வரை போய் நின்றேன். நாலு பேர் நடுவில் கை கொடுத்தார். அது மத்தியானம். அந்த நேரத்து அவரிடம் எனக்குப் பழக்கமே இல்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போனில் பேசிக்கொண்டோம். நல்லா இருக்கீங்களா, நல்லா இருக்கேன்.

அவர் மூட்டுத் தேய்ந்து ஆட்டத்தை விட்டுவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். சாயங்காலம் ஆறரை மணி ஆனால் எனக்கு இங்கே அரியலூரில் ஒன்றும் ஓடாது. டிவி சத்தம் பிடிக்காது. மாடிக்குப் போவேன். கொசு கடிக்கும். இறங்கி வருவேன். மருமகள் நல்ல பெண்தான், "என்னப்பா தேடறீங்க?" என்று கேட்பாள். கண்ணாடியை என்பேன்.

போன மாதம் அவர் இறந்துவிட்டார். செய்தி எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் வந்தது. காரியமும் முடிந்த பிறகு ஒரு புதன்கிழமை துக்கம் கேட்கப் பெரம்பலூர் போனேன். அந்த அம்மா மட்டும் இருந்தார். மகள் முந்தின நாள்தான் முசிறி போயிருந்தாள். நன்றாக இருக்கிறாளாம், இரண்டு பிள்ளைகள்.

கொஞ்ச நேரம் அவரைப் பற்றிப் பேசினோம். சைக்கிளைச் சமையலறையில் பூட்டியதைச் சொன்னபோது அந்த அம்மாவே சிரித்தார். அந்தத் தைரியத்தில் நான் சொன்னேன்: "அன்னிக்கு நாங்க காலையில வராம சாயந்தரம் வந்திருந்தா எல்லாமே மாறியிருக்கும்மா. சாயந்தரம் குடுக்கறேன்னாரு. காலையில எப்படியும் மாறிருவாருன்னுதான் மறுநாள் நான் வரல."

அந்த அம்மா என்னை விநோதமாகப் பார்த்தார்.

"மாறலீங்களே."

"என்னம்மா?"

"திங்கக்கெழம காலையில ஆடிட்டு வந்தாரு. வழக்கம் போலத்தான். காப்பில சக்கர இல்லன்னு டம்ளரத் தூக்கி எறிஞ்சாரு. இந்த வூட்டுல ஒருத்திக்கும் கூறு கெடையாதுன்னாரு. கத்திக்கிட்டே இருந்தவரு, 'கேசரிக்கு ரவ இருக்கா பாரு, அவங்க வராங்க'ன்னாரு. எனக்கு நம்பிக்க இல்ல. யாரு வராங்கன்னு கேட்டேன். 'டைம் ஆபீஸு வரான், பொண்ணக் குடுக்கறேன்னு சொல்லிட்டேன்'னாரு. குடுக்கலன்னுதான சொன்னீங்கன்னு கேட்டேன். 'அது நேத்துக் காலையில'ன்னு அதுக்கும் கத்தினாரு. அவரு சாயந்தரம் சொன்ன சொல்லு மறுநாள் காலையில நின்னது, நான் கட்டிக்கிட்டு வந்ததுலேந்து அந்த ஒரு தடவதாங்க."

"அன்னிக்கு ஷிப்ட்டுக்கு வரலியேம்மா" என்றேன்.

"வெள்ள வேட்டி கட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தாரு. ரெண்டு மணிக்கு வேலைக்குப் போவலியான்னேன். 'வந்து நிக்கும்போது நான் இல்லன்னா என்ன நெனப்பான்'னாரு. சாயந்தரம் அஞ்சு மணி வரைக்கும் வாசலப் பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் வேட்டிய மாத்திக்கிட்டு மைதானத்துக்குப் போயிட்டாரு."

"அப்புறம் எதாவது சொன்னாராம்மா?"

"இல்லீங்க. ஆடிட்டு வந்தும் பேசல. அன்னிக்கு மட்டும் சாயந்தரம் ஆடிட்டு வந்து பேசாமப் படுத்துக்கிட்டாரு. கேசரிய நாந்தான் பக்கத்து வூட்டுக்குக் குடுத்தேன்." பிறகு அவர், "இப்பச் சொல்லி என்னங்க ஆவப்போவுது. தண்ணி குடிங்க" என்றார்.

குடித்தேன். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

பெரம்பலூர் பஸ் நிலையத்துக்கு வந்தபோது மணி ஆறரை. அரியலூர் பஸ் நின்றிருந்தது. ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. மூன்றாவதில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. பஸ் கிளம்பி ஊரைத் தாண்டும்போது கண்டக்டர் வந்து, "எங்கங்க?" என்று இரண்டு தடவை கேட்டார்.

போக வர டிக்கெட் ஐம்பத்தெட்டு, நிலையத்தில் டீ பன்னிரண்டு. மொத்தம் எழுபது ரூபாய் ஆனது.